கோடையில் ஈனப்போகும் மாட்டுக்கு நிழல் போடுவது எப்படி

பால் கறக்கிற மாட்டுக்கு நல்ல கூரை, மின்விசிறி, தண்ணீர்த் தெளிப்பு எல்லாம் இருக்கும். ஈனுவதற்கு இரண்டு மாசம் முன்பு கறப்பதை நிறுத்திப் பால் வற்ற வைத்த நிறைசினை மாடு வேலியோரம் வெயிலில் நிற்கும். பதினான்கு வருஷமாக மாடு வைத்திருக்கிறேன். முதல் ஆறு வருஷம் நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். கறவையில் இல்லாத மாடுதானே, இரண்டு மாசம் எங்கேயாவது நிற்கட்டும் என்ற எண்ணம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு செவலை மாடு.

அவள் ஈனுவதற்கு மூன்று வாரம் இருந்தது. வற்றிய மாடுகளுக்கென்று தகரம் போட்ட ஒரு பந்தல் இருந்ததால் நிழலுக்குக் குறைவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். பந்தலுக்கு அடியில் பாதி இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் நிழல் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்திருந்தது. செவலை வேலிக்கம்பியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு, கழுத்தை எட்டும் மட்டும் நீட்டி, தலையை மட்டும் அந்த நிழலுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். முதுகு, வயிறு, மடி எல்லாம் வெயிலில். வாயோரம் எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் மூன்று மணிக்கு அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள், நான் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. குறித்த நாளுக்கு ஆறு நாள் முன்னாலேயே ஈன்றாள். கன்று சின்னது. அந்த ஈற்றில் அவள் முந்தைய ஈற்று அளவுக்குக் கறக்கவே இல்லை. ஒரு மாட்டை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு படித்ததையும், கேட்டதையும், செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த இரண்டு மாசம் ஏன் இவ்வளவு முக்கியம்

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கடைசி 60 நாளில்தான் கன்று தன் எடையில் பாதிக்கு மேல் ஏற்றிக்கொள்கிறது. அதே 60 நாளில் மடியும் சும்மா இருப்பதில்லை. பழைய பால் சுரப்பித் திசு வற்றிச் சுருங்கி, புதுத் திசு வளர்ந்து அடுத்த ஈற்றுக்குத் தயாராகிறது. வெயிலில் மாடு சூடேறினால் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், கருப்பைக்குப் போகிற ரத்தம் குறையும். கன்றுக்குத் தீனி குறையும், மடியில் புதுத் திசு வளர்வதும் மட்டுப்படும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1982இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசி மூன்று மாசம் நிழலில் இருந்த மாடுகளின் கன்றுகள், நிழல் இல்லாத மாடுகளின் கன்றுகளைவிடச் சுமார் 3 கிலோ கூடுதலாகப் பிறந்தன. பின்னாளில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள் இன்னொரு படி மேலே போயின. இரண்டு கூட்ட மாடுகளுக்கும் கூரை நிழல் உண்டு. ஒரு கூட்டத்துக்கு மட்டும் வற்றுக்காலம் முழுக்க மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஈன்ற பிறகு அந்தக் கூட்டம் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ பால் கூடுதலாகக் கறந்த சோதனையும் அவற்றில் உண்டு. என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. வயிற்றில் இருந்தபோது சூடுபட்ட பெண்கன்றுகள் வளர்ந்து மாடாகிக் கறவைக்கு வந்தபோதும் குறைவாகவே கறந்தன. இன்றைக்கு வெயிலில் நிற்கிற தாய்க்கு மட்டும் போகிற நஷ்டம் இல்லை இது.

முதலில் மாட்டைப் பாருங்கள்

கையில் கடிகாரத்தோடு மத்தியானம் இரண்டு மணிக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய் நில்லுங்கள். மாட்டின் பக்கவாட்டில், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் குழிந்திருக்கும் இடம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கிட்டே போய்ப் பதற வைக்காமல் பத்தடி தள்ளி நின்றே எண்ணலாம். நிமிஷத்துக்கு 60ஐத் தாண்டினால் மாடு சூட்டில் தவிக்கிறது என்று அர்த்தம். 80ஐத் தாண்டினால் எச்சில் ஒழுகத் தொடங்கும். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினால் அப்போதே தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து, 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூடு இறங்காமல் நின்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்காதீர்கள்.

இன்னொரு அடையாளம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சூடேறிய மாடு படுக்காது. நின்றால்தான் உடம்பைச் சுற்றிக் காற்று படும் என்பதால் நின்றுகொண்டே இருக்கும். சாதாரணமாக மாடு ஒரு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் படுத்திருக்கும், படுத்துத்தான் நன்றாக அசை போடும். வயிறு கனத்த மாடு பகலெல்லாம் நின்றால் குளம்பு கெடும், கால் வீங்கும், தீனி குறையும். ஈனும் நேரத்தில் தீனி குறைந்த மாடு ஈன்ற பிறகு எழுந்து வர ரொம்பவும் சிரமப்படும்.

நிழல் எங்கே விழும் என்று குறித்துவிட்டுக் கம்பம் நடுங்கள்

நான் தகரப் பந்தல் போட்டபோது செய்யாத வேலை இது. கூரை நிற்கும் இடம் ஒன்று, அதன் நிழல் விழும் இடம் வேறு. காலையில் நிழல் மேற்கே விழும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கே நகரும். சூரியன் வானத்தில் பாதி உயரத்துக்கு இறங்கியபோது, கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் நிழல் தள்ளிப் போயிருக்கும். நாலு மீட்டர் உயரப் பந்தல் என்றால் நாலு மீட்டர். இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஏழு மீட்டர். உடம்பில் சூடு சேர்ந்து மாடு அதிகம் தவிக்கிற நேரமும் இதுதான்.

ஆகவே கம்பம் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். கூரை எவ்வளவு உயரம் வரப்போகிறதோ அதே உயரத்துக்கு ஒரு மூங்கிலைப் பந்தல் வரப்போகிற இடத்தின் ஒரு மூலையில் நடுங்கள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று ஒவ்வொரு முறையும் மூங்கில் நிழலின் நுனி விழும் இடத்தில் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். மறுநாள் எதிர் மூலையிலும் இதையே செய்தால் பந்தலின் நிழல் நாள் முழுக்க ஊர்ந்து போகிற பாதை தரையில் தெரிந்துவிடும். நான் பிறகு இப்படிக் குச்சி அடித்துப் பார்த்தபோது, மூன்று மணிக் குச்சி வேலிக்கு வெளியே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றது. செவலை தலையை நீட்டிக்கொண்டு நின்ற அதே இடம். பந்தலைப் பிரித்து ஆறு மீட்டர் மேற்கே நகர்த்தினேன். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, அதே தகரம், அதே கம்பம்தான். சாயங்காலம் வரை நிழல் பட்டிக்குள்ளேயே விழுந்தது.

நகர்த்த இடம் இல்லாதவர்கள் மேற்குப் பக்கம் கூரை விளிம்பிலிருந்து நிழல்வலையைத் திரைபோலத் தொங்கவிடலாம். சாய்வெயில் உள்ளே வராது. அடியில் மாட்டின் வயிறு உயரத்துக்கு இடைவெளி விடுங்கள், காற்று வந்து போகட்டும்.

எவ்வளவு பெரிது, எவ்வளவு உயரம்

ஒரு மாட்டுக்குக் குறைந்தது 4 முதல் 5 சதுர மீட்டர் நிழல் வேண்டும். நிறைசினை மாட்டுக்கு நான் 6 சதுர மீட்டருக்குக் குறைந்து கொடுப்பதில்லை. நிழல் குறுகலாக இருந்தால் மாடுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்து மாட்டின் சூடும் சேர்ந்துகொள்ளும். வலுத்த மாடு நடுவில் நிற்கும், முதல் சினைக் கிடேரி வெளியே தள்ளப்படும். முட்டு வாங்கி நிறைவயிற்றோடு சறுக்கி விழுந்த கிடேரியை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நிழலை ஒரே சதுரமாகப் போடாமல் நீளவாக்கில் போடுங்கள், ஒதுங்கிப் போக இடம் இருக்கும்.

உயரம் மூன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. தாழ்ந்த கூரைக்கு அடியில் காற்று தேங்கும், கூரையின் சூடு நேரே முதுகில் இறங்கும். உயரம் கூடக் கூட நிழல் சீக்கிரம் நகரும் என்பதால் நாலு மீட்டரை ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

மண்தரை என்றால் பந்தலின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நிழல் நன்றாக நகரும், மாடும் கூடவே நகரும், கோமியமும் சாணியும் விழுந்த தரையில் வெயில் பட்டுக் காயும். சிமெண்ட் தரை போட்டுத் தினமும் கழுவுகிறீர்கள் என்றால் கிழக்கு மேற்கு நீளம் சரி. கூரைக்கு அடியிலேயே அதிக நேரம் நிழல் நிற்கும். மண்தரையில் கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரே இடம் நாள் முழுக்க ஈரமாகி, ஒரே வாரத்தில் சேறாகிவிடும். ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரம் மடி கட்டி, காம்பு விரியத் தொடங்கும். சேற்றில் படுத்த மாட்டுக்கு அப்போது மடிநோய் வருவது மிகவும் எளிது. நிழல் கொடுக்கப் போய் மடியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

எதைக் கொண்டு போடலாம்

மரம் இருந்தால் அதற்கு மிஞ்சியது எதுவும் கிடையாது. இலைகள் ஈரத்தை வெளியே விடுவதால் மரத்தடியில் குளிர்ச்சி வேறு மாதிரி இருக்கும். ஆனால் பத்து மாட்டை ஒரே மரத்தடியில் விட்டால் இரண்டு கோடையில் வேர் மிதிபட்டு, பட்டை உரிந்து மரம் போய்விடும். அடிமரத்தைச் சுற்றி வேலி கட்டுங்கள். இடி மின்னல் வரும்போது தனிமரத்தடியில் மாட்டை விடாதீர்கள். இன்றைக்கு மரக்கன்று நட்டால் நாலைந்து வருஷத்தில் நிழல் வரும், அதையும் நட்டு வையுங்கள்.

தகரக் கூரை போட்டவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் அடியில் நின்று உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டிப் பாருங்கள். தகரத்தைத் தொடாமலே கையில் சூடு இறங்கும். அந்தச் சூடுதான் நாள் முழுக்க மாட்டின் முதுகில் இறங்குகிறது. தகரத்தின் மேலே வெள்ளை அடியுங்கள், அல்லது வைக்கோலோ ஓலையோ பரப்பிக் கட்டுங்கள். கூரை உச்சியில் சூட்டுக் காற்று வெளியேற ஒரு திறப்பு விட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கோடைக்கு மட்டும் என்றால் நிழல்வலை போதும். வெயிலில் 80 சதவீதத்தைத் தடுக்கும் அடர்த்தியில் வாங்குங்கள். ஐம்பது சதவீத வலை செடிக்குச் சரி, மாட்டுக்குப் போதாது. வலை கிழிவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, காற்றில் படபடத்துத்தான். இதைச் சரியாகக் கட்டுவது ஒரு கைவேலை, நிதானமாகச் செய்யுங்கள். கம்பத்துக்குக் கம்பம் கம்பியை முறுக்கி இழுத்துக் கட்டி, விரலால் தட்டினால் அதிரும் அளவுக்கு விறைப்பாக்குங்கள். அதன் மேல் வலையைப் பரப்பி, ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்புக்குள் நைலான் கயிற்றை ஓடவிட்டு, ஒரு சாணுக்கு ஒரு கட்டு போடுங்கள். மடிப்பில்லாமல் ஒற்றை ஓரத்தில் போட்ட கட்டு முதல் பலத்த காற்றிலேயே அறுத்துக்கொண்டு போகும். ஆணி அடித்தும் மாட்டாதீர்கள், ஆணித்துளையில்தான் கிழிசல் தொடங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை தளர்ந்த இடத்தை இழுத்துக் கட்ட வேண்டும். வெயில் காலம் முடிந்ததும் சுருட்டி உள்ளே வைத்தால் அடுத்த கோடைக்கும் உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டி முடித்ததும் நறுக்கிய கம்பித் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்குங்கள். மாடு தீவனத்தோடு கம்பியை விழுங்கிவிடும், அதற்குப் பிரித்துத் துப்பத் தெரியாது. விழுங்கிய துண்டு இரண்டாம் வயிற்றில் தங்கும். சினை முற்றும்போது கருப்பை அழுத்த, அது சுவரைக் குத்தி இதயப் பக்கம் போகலாம். நான் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துவிட்டுத்தான் மாட்டை உள்ளே விடுவேன். கயிற்று நுனிகளையும் மாட்டுக்கு எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டிவிடுங்கள், நக்கி இழுத்துத் தின்னும்.

தண்ணீர்

தண்ணீர் தொட்டி நிழலுக்குள் இருக்க வேண்டும். நிழலை விட்டு வெயிலில் முப்பதடி நடந்து குடிக்க வேண்டும் என்றால் நிறைசினை மாடு தாகத்தைப் பொறுத்துக்கொண்டு நின்றுவிடும். வெயில் காலத்தில் வற்றிய மாடும் நாளைக்கு 50 லிட்டரைத் தாண்டிக் குடிக்கும். தரைமேல் கிடக்கும் குழாயில் மத்தியானம் முதலில் வருகிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். குழாயைப் புதையுங்கள், முடியாவிட்டால் வைக்கோல் போட்டு மூடுங்கள். இரண்டு மாடு ஒரே நேரத்தில் தலை வைக்கும் அளவுக்குத் தொட்டி இருந்தால் கிடேரிகளுக்கும் தண்ணீர் கிடைக்கும். தொட்டியைச் சுற்றி ஜல்லி கொட்டிவிட்டால் சேறு சேராது.

தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். தின்ற தீனி வயிற்றில் நொதிக்கும்போதும் உடம்பில் சூடு கிளம்பும், அது மத்தியான வெயிலோடு சேர வேண்டாம்.

நிழல் போதாத நாட்கள்

நிழல் வெயிலைத்தான் மறைக்கும், காற்றின் சூட்டைக் குறைக்காது. நிழலில் நிற்கும்போதும் மூச்சு 60க்கு மேலே இருந்தால் காற்றும் தண்ணீரும் தேவை. முதலில் மின்விசிறி. மாட்டின் முதுகில் காற்று படும்படி சற்றுக் கீழே சாய்த்து மாட்டுங்கள். ஒயர் மாட்டுக்கும் தண்ணீருக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். பிறகு தண்ணீர். பெரிய துளியாக முதுகில் ஒன்றிரண்டு நிமிஷம் தெளித்துத் தோல் வரை நனைத்து நிறுத்துங்கள், காற்றில் உலரட்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடியும் தெளியுங்கள். உலரும்போதுதான் உடம்புச் சூடு போகிறது. வயிற்று வழியாக வழிந்து மடியில் சொட்டும் அளவுக்கு நனைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத புழுக்கமான கொட்டகையில் பனிபோன்ற மெல்லிய துளியைத் தெளித்தால் புழுக்கம்தான் கூடும், மாடு இன்னும் திணறும்.

பொழுது சாய்ந்ததும் திறந்த வெளியில் விடுங்கள். இரவில் வானத்தைப் பார்த்துப் படுத்த மாடு பகலில் சேர்ந்த சூட்டை நன்றாக விட்டுவிடும்.

ஈனும் இடம்

ஈனும் நேரம் நெருங்கிய மாடு கூட்டத்தை விட்டு ஒதுங்கும். பொது நிழலில் மட்டும் இடம் இருந்தால், ஒதுங்குவதா நிழலில் நிற்பதா என்று அது தவிக்கும். பெரும்பாலும் ஒதுங்கி வெயிலில் போய் ஈனும். நிழலின் ஒரு கோடியில் 12 சதுர மீட்டருக்குக் குறையாமல் தனியாகத் தடுத்து, உலர்ந்த வைக்கோல் கனமாகப் பரப்பி வையுங்கள். மடி விறைத்து, வாலடியில் இருபுறமும் தசை இளகிக் குழிந்ததும் மாட்டை அங்கே மாற்றுங்கள். மற்ற மாடுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கட்டும், முற்றிலும் தனிமைப்பட்டாலும் மாடு மிரளும்.

எப்போது தொடங்குவது என்பதற்குக் கணக்கு சுலபம். சினை ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாள் கூட்டுங்கள், அதிலிருந்து 60 நாள் கழியுங்கள். அந்த இரண்டு மாசம் வெயில் காலத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், பால் வற்ற வைக்கும் நாளுக்கு முன்பே நிழல் தயாராக இருக்க வேண்டும். நான் இப்போது தேதிப் புத்தகத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் பக்கத்தில் நிழல் என்று எழுதி ஒரு கோடு போட்டு வைக்கிறேன். வலையை இழுத்துக் கட்டிய பிறகுதான் அதை அடிப்பேன்.

கன்று விழுந்த பிறகும் இதே கணக்குதான். ஈரக் கன்றைத் தாய் நக்கி முடிக்கும் வரை நிழல் அதன்மேல் இருக்க வேண்டும். சீம்பாலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க வைத்துவிடுங்கள், சூடுபட்ட தாயின் கன்றுக்குச் சீம்பாலின் எதிர்ப்புச் சத்து உடம்பில் சேர்வது குறைவாக இருக்கும். பிறகு கன்றைக் கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலை நிழலைப் பார்த்துக் கட்டாதீர்கள். கட்டப்பட்ட கன்றால் நிழலோடு நகர முடியாது. மூன்று மணிக் குச்சியும் ஐந்து மணிக் குச்சியும் நின்ற இடத்தைப் பார்த்து, அந்த இரண்டு நேரமும் நிழல் விழும் இடத்தில் முளை அடியுங்கள்.